தேச அடையாளம் என்றால் என்ன? ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து சில கேள்விகளும் பதில்களும்

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்கிற ஊர் பக்கத்தில் ஒரு பள்ளியில் இருபத்தாறு வருடம் சமூக அறிவியல் நடத்தினேன். ஒரு நாள் ஒன்பதாம் வகுப்பில் பிள்ளைகள் ஏதோ ஒரு படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி என்று மளமளவென்று எழுதிக்கொண்டு வந்தார்கள். "தேசிய இனம்" என்ற கட்டம் வந்ததும் கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பையன் எழுந்து நின்றான். இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமிலிருந்து வருகிற பையன். "சார், இதுல நான் என்ன எழுதணும்?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அன்று தொடங்கி மாணவர்களும் பெற்றோரும், வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரப் பிள்ளைகளும் இதைச் சுற்றிக் கேட்ட கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு வந்தேன். அவற்றில் திரும்பத் திரும்ப வந்தவை இங்கே.

தேச அடையாளம் என்றால் சுருக்கமாக என்ன?

மூன்று விஷயங்களை ஒரே சொல்லில் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று, காகிதம். அரசு உங்களைக் குடிமகன் என்று ஏற்றுக்கொண்டிருக்கிறதா என்பது. இரண்டாவது, அக்கம்பக்கத்தார் உங்களைத் தங்களில் ஒருவராகப் பார்க்கிறார்களா என்பது. மூன்றாவது, நீங்கள் உள்ளுக்குள் எந்த மண்ணை உங்களுடையது என்று நினைக்கிறீர்கள் என்பது.

இந்த மூன்றும் பலருக்கு ஒன்றாக அமைந்துவிடுகிறது. அதனால் அவர்கள் இதைப் பற்றி யோசிப்பதே இல்லை. முகாமில் பிறந்த பிள்ளைக்கு மூன்றாவது இருக்கிறது, முதலாவது இல்லை. வேறொருவருக்குக் காகிதம் பெட்டி நிறைய இருக்கும். ஆனால் பெயரைக் கேட்டதும் எதிரே இருப்பவர் முகம் மாறும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை பேர் ஒரே மொழி பேசுகிறார்கள், ஒரே சாமியைக் கும்பிடுகிறார்கள் என்று எண்ணி ஒரு நாட்டின் ஒற்றுமையை அளக்க முடியாது. "நான் இந்த நாட்டு ஆள்தான்" என்று யாருக்கும் நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் இல்லாமல் எத்தனை பேர் நிம்மதியாகத் தூங்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

இதைப் பேச ராமநாதபுரம் கடற்கரை எதற்கு? டெல்லி, மும்பை மாதிரி ஊர்தானே பல இனத்தவர் கலந்தது?

பெருநகரத்தில் எல்லோரும் பிழைக்க வந்து கலந்தவர்கள். இங்கே கலப்பு பழையது, கடலும் கோயிலும் கொண்டுவந்தது. தொண்டியிலிருந்து தேவிபட்டினம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி என்று கரையோரமாகப் போய்ப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி மாவட்டத்தில் நூற்றுக்குச் சுமார் 15 பேர் முஸ்லிம்கள், 7 பேர் கிறிஸ்தவர்கள். கரையோர ஊர்களில் இந்தக் கணக்கு இன்னும் மாறும்.

ராமேஸ்வரம் கோயிலில் பூஜை செய்யும் குருக்கள் குடும்பங்கள் மகாராஷ்டிர வழி வந்தவர்கள். பரமக்குடியில் நெசவு செய்கிறவர்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிர மொழி. கீழக்கரைப் பெரியவர்கள் தமிழை அரபி எழுத்தில் எழுதிப் படித்தார்கள். அரபுத்தமிழ் என்று அதற்குப் பெயர். அதே கீழக்கரையில் அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டுக் கிண்டுகிற தொதல், மலாய்க்காரர்கள் தோதோல் என்று சொல்கிற அதே பண்டம்தான். கப்பலோடு வந்தது. இன்றைக்கு அதைச் சாப்பிடும் யாரும் வெளிநாட்டுப் பலகாரம் என்று நினைப்பதில்லை, ஊர்ப் பலகாரம் என்றுதான் நினைக்கிறார்கள்.

நாட்டின் வேறு மூலையில் இருப்பவருக்கும் நமக்கும் அப்படி என்ன தொடர்பு?

இரண்டு சொல்கிறேன். முதலாவது எல்லோருக்கும் தெரிந்தது. காசிக்குப் போகிறவர் முறைப்படி போக வேண்டும் என்றால் முதலில் ராமேஸ்வரம் வந்து, சேதுக்கரை மணலை எடுத்துக்கொண்டு போய் கங்கையில் சேர்த்து, கங்கை நீரைக் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்ய வேண்டும். வடக்கே இருப்பவருக்கும் அந்த யாத்திரை இங்கே வந்தால்தான் நிறைவாகும். அரசியல் சட்டம், ரயில், வரைபடம் எதுவும் இல்லாத காலத்திலேயே இந்தப் போக்குவரத்து இருந்தது.

இரண்டாவது அவ்வளவாக யாரும் பேசாதது. சங்கு.

மன்னார் வளைகுடாவில், நாங்கள் தென்கடல் என்றும் ஆண்கடல் என்றும் சொல்கிற பக்கத்தில், சங்கு குளிக்கிறார்கள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் இது தலைமுறைத் தொழில். குளிக்கிறவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஒரு தடவை கரையில் வைத்து ஒரு காக்கா (இங்கே முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) என் கையில் ஒரு சங்கைக் கொடுத்தார். கோயிலில் பார்க்கிற வெள்ளை வெளேர் சங்கு மாதிரி இல்லை. மேலே பழுப்புத் தோல், பாசி, சேறு, உள்ளே உயிரோடு சதை, மூக்கைப் பிடிக்கிற வாடை. கனம் வேறு. அவர் கத்தி முனையால் ஓர் இடத்தில் தோலைச் சுரண்டினார். பால் மாதிரி வெள்ளை எட்டிப் பார்த்தது. "இது கல்கத்தா போகும் சார்" என்றார்.

அங்கே போய் என்ன ஆகிறது? அறுக்கிறார்கள். குறுக்கே அறுத்தால் வட்ட வட்டமாக வரும். அதைத் தேய்த்துப் பூவேலை செய்து வளையலாக்குகிறார்கள். ஷாங்கா என்று பெயர். வங்காளத்து இந்துப் பெண்ணுக்கு அது நம்மூர்த் தாலி மாதிரி. கல்யாணத்தில் சிவப்பு வளையலோடு சேர்த்துப் போட்டுவிடுவார்கள். கணவன் இறந்தால்தான் கழற்றுவது பழைய வழக்கம். இங்கிருந்து வங்காளத்துக்குச் சங்கு போவது நூற்றாண்டுகளாக நடக்கிறது.

கீழக்கரையில் மூச்சடக்கி மூழ்கிய முஸ்லிம் ஒருவர் எடுத்துக் கொடுத்தது, முகமே தெரியாத ஒரு வங்காள இந்துப் பெண்ணின் மாங்கல்யமாகிறது. இரண்டு பேருக்கும் மொழி வேறு, மதம் வேறு, சாப்பாடு வேறு. ஒருவர் இல்லாமல் மற்றவர் வீட்டில் கல்யாணமும் இல்லை, அடுப்பும் இல்லை. தேசம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பழுப்புச் சங்குதான்.

நான் முதலில் தமிழனா, இந்தியனா?

மாணவர்கள் இதை ஏதோ தேர்வுக் கேள்வி மாதிரிக் கேட்பார்கள், ஒன்றைத்தான் டிக் அடிக்க வேண்டும் என்பது போல. நீ முதலில் உன் அம்மாவுக்குப் பிள்ளையா, உன் ஊருக்குப் பிள்ளையா என்று கேட்டால் என்ன சொல்வாய் என்று திருப்பிக் கேட்பேன்.

வரலாற்றில் இந்தக் கேள்வி விளையாட்டாக இருந்ததில்லை. திராவிட நாடு என்று தனியாகப் பிரிந்து போகும் கோரிக்கை இங்கே ஒரு காலத்தில் பெரிய கட்சி ஒன்றின் கோரிக்கையாகவே இருந்தது. 1963-ல் 16-வது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. பிரிவினை கேட்டுத் தேர்தலில் நிற்க முடியாமல் போனது. அண்ணாதுரை அந்தக் கோரிக்கையைக் கைவிட்டார். ஆனால் தமிழைக் கைவிடவில்லை. 1967-ல் அவர் கட்சி ஆட்சிக்கு வந்தது. 1969 ஜனவரி 14 முதல் மெட்ராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆனது. இந்தியாவுக்குள்ளேயே, ஓட்டுப் போட்டு, சட்டசபையில் தீர்மானம் போட்டு, பெயரை மாற்றிக்கொண்டோம். தமிழன் என்று சொல்ல இடம் கிடைத்த பிறகு இந்தியன் என்று சொல்வதில் யாருக்கும் சங்கடம் வரவில்லை. இடம் கொடுக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு இந்தக் கரையிலிருந்து ரொம்ப தூரம் பார்க்க வேண்டாம். அதைக் கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

இந்திதானே தேசிய மொழி?

இல்லை. அரசியல் சட்டத்தில் தேசிய மொழி என்று எதுவும் கிடையாது. 343-வது பிரிவு தேவநாகரி எழுத்தில் உள்ள இந்தியை ஒன்றிய அரசின் ஆட்சிமொழி என்கிறது. ஆங்கிலமும் தொடரும் என்று 1963-ல் சட்டம் வந்தது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்துக்குப் பிறகு, 1967-ல் அதைத் திருத்தி இன்னும் உறுதியாக்கினார்கள். அரசியல் சட்டம் ஏற்றுக்கொண்ட மொழிகளின் பட்டியலான எட்டாவது அட்டவணையில் தொடக்கத்தில் 14 மொழிகள், இப்போது 22. பரமக்குடியில் கேட்கிற சௌராஷ்டிரம் அதில் இன்னும் இல்லை.

இதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் பாசிமணியும் சிப்பிச் சாமானும் விற்கிற ஓர் அக்கா எனக்குத் தெரிந்தவர். அஞ்சாவதுக்கு மேல் பள்ளிக்குப் போகாதவர். "ஆயியே தீதி" என்று இந்தியில் கூப்பிடுவார், தெலுங்கில் விலை சொல்வார், வங்காளத்தில் எண்ணுவார். யாரும் அவருக்குக் கட்டாயப் பாடம் வைக்கவில்லை. "வர்றவங்க பாஷையில சொன்னாத்தான் சார் பேரம் படியும்" என்பார். இந்தித் திணிப்பு பற்றிக் கேட்டால் அதே அக்கா, "நமக்கு வேணும்னா நம்ம கத்துக்குவோம், அவுக எதுக்குச் சொல்லணும்?" என்பார். இதில் முரண்பாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

எல்லோருக்கும் ஒரே மொழி, ஒரே பண்பாடு என்று வைத்துவிட்டால் சண்டையே இருக்காதே?

இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். ஏனென்றால் அப்படி வைத்துப் பார்த்த ஒரு நாடு எங்கள் கரைக்கு எதிரே இருக்கிறது.

1948-ல் சுதந்திரம் வாங்கிய கையோடு இலங்கை ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டது. தேயிலைத் தோட்டத்தில் தலைமுறையாக வேலை பார்த்த மலையகத் தமிழர்களில் பெரும்பாலோர் ஒரே நாளில் நாடு இல்லாதவர்கள் ஆனார்கள். 1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்றார்கள். 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக ஆனது. ஆட்களைக் கேட்காமல் எண்ணிக்கையைப் பங்கு போட்டார்கள். தலைமன்னாரிலிருந்து கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கினார்கள். மண்டபம் முகாம் வழியாக எங்கெங்கோ போனார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்துக்குப் போகிற கூலிகளை நோய் இருக்கிறதா என்று பார்த்துத் தங்கவைத்து அனுப்பியதும் அதே மண்டபம் முகாம்தான். தாத்தா போன வாசல் வழியாகவே பேரன் திரும்பி வந்தான். அங்கே அவனை இந்தியாக்காரன் என்றார்கள், இங்கே சிலோன்காரன் என்றார்கள்.

1983 கலவரத்துக்குப் பிறகு அகதிகள் வரத் தொடங்கினார்கள். ராத்திரியோடு ராத்திரியாக மணல்திட்டில் இறக்கிவிட்டுப் படகு போய்விடும். இடுப்பளவு தண்ணீரில் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்து வந்தவர்களை எங்கள் மீனவர்கள்தான் முதலில் பார்த்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள், லுங்கியும் சேலையும் கொடுத்தார்கள். எந்த நாடு என்று யாரும் கேட்கவில்லை. 2022 மார்ச்சில், பொருளாதார நெருக்கடி வந்தபோதும், அரிச்சல்முனை மணல்திட்டில் கைக்குழந்தையோடு அப்படித்தான் வந்து நின்றார்கள்.

தமிழுக்கும் ஆட்சிமொழி என்ற இடத்தை இலங்கை 1987-ல் கொடுத்தது, முப்பது வருடமும் எத்தனையோ உயிர்களும் போன பிறகு. எல்லோரையும் ஒரே அச்சில் வார்த்தால் சண்டை இருக்காது என்று சொல்கிறவர்கள் ஒரு தடவை தனுஷ்கோடி வந்து நின்று கிழக்கே பார்க்கட்டும்.

முகாமில் பிறந்த பிள்ளை இந்தியக் குடிமகனா?

பிறந்த தேதியைப் பொறுத்தது. 1955-ன் குடியுரிமைச் சட்டமும் அதன் திருத்தங்களும் சொல்வது இது: 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை இந்திய மண்ணில் பிறந்த யாரும், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் குடிமகன் (வெளிநாட்டுத் தூதர் பிள்ளைகள் போன்ற சில விலக்குகள் உண்டு). அதன் பிறகு 2004 டிசம்பர் 3-க்கு முன்பு வரை பிறந்தவருக்குத் தாய், தகப்பன் இருவரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். அதற்கும் பிறகு என்றால், ஒருவர் குடிமகனாக இருந்து மற்றவர் சட்டவிரோதமாக வந்தவராக இல்லாமலும் இருக்க வேண்டும்.

மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண் பாஸ்போர்ட் கேட்டு வழக்குப் போட்டார். சட்டப்படி அவர் இந்தியர்தான், பாஸ்போர்ட் கொடுங்கள் என்று 2022-ல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை உத்தரவிட்டது. அடுத்த வீட்டில் 1988-ல் பிறந்த பெண்ணுக்கு அந்த வழி இல்லை. அதே கிணற்றுத் தண்ணீர், அதே பள்ளிக்கூடம், அதே ரேஷன் கடை. குடியுரிமைச் சட்டத்தின் 2019 திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்று நாட்டிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாத சிறுபான்மையினருக்கு மட்டும்தான்; இலங்கைத் தமிழருக்கு அதில் இடமில்லை. தமிழ்நாடு அரசு 2021-ல் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. பெயர் மாறியது நல்லதுதான். காகிதமும் வர வேண்டும். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, முப்பது வயதைத் தாண்டியவர்களை இன்னும் விருந்தாளி மாதிரி வைத்திருப்பது நியாயமில்லை.

முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் தேசப்பற்றைக் காட்டிக்கொள்ள வேண்டுமா?

நான் காட்டிக்கொள்வதில்லை. என்னிடம் யாரும் கேட்பதும் இல்லை. பிறகு அவர்கள் மட்டும் ஏன் காட்ட வேண்டும்?

கீழக்கரை நண்பர் ஒருவருடைய மகன் பெரிய நகரம் ஒன்றில் நல்ல வேலையில் சேர்ந்தான். வாடகைக்கு வீடு பார்க்கப் போனான். போனில் எல்லாம் பேசி முடிந்தது, முன்பணம் வரைக்கும். கடைசியில் பெயர் கேட்டார்கள். சொன்னான். "வீட்டுக்காரம்மாவிடம் கேட்டுச் சொல்கிறோம்" என்றார்கள். இப்படி ஏழு வீடு. அவன் வாப்பாவிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னான். "மாமா, எங்க தாத்தாவோட தாத்தா காலத்துலேர்ந்து நாங்க இங்கதான இருக்கோம்?"

உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டைப் பாடும்போது அங்கே மழை பெய்கிறது, ஆறு ஓடுகிறது, வயல் விளைகிறது. பாலைவனத்தைப் பாட வந்தவர் தமிழ்நாட்டு மருதநிலத்தைத்தான் பாடினார். நபிகளைப் பாடும்போதும் அவர் மனசு நின்ற மண் எது என்று அதிலேயே தெரியும். அவரை ஆதரித்தவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அதைச் சொல்லும் பாதிப் பேருக்கு அவர் ஒரு முஸ்லிம் என்பதே தெரியாது. அந்த அளவுக்கு அவர் நம்முடைய பேச்சுக்குள் கலந்துவிட்டார்.

கலாம் தன் சிறுவயதில் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். ராமேஸ்வரம் பள்ளியில் குருக்கள் மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை, புதிதாக வந்த ஆசிரியர் எழுப்பிக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார். அதைக் கேள்விப்பட்ட பட்சி லட்சுமண சாஸ்திரி, கோயிலின் தலைமைக் குருக்கள், ஆசிரியரை அழைத்துப் பிள்ளைகள் மனசில் விஷத்தை விதைக்காதீர்கள் என்று கண்டித்தார். கலாமின் பெருமைக்காக நான் இதைச் சொல்லவில்லை. அந்தச் சின்னப் பையனோ, அவன் வாப்பாவோ போய் வாதாட வேண்டியிருக்கவில்லை; சாஸ்திரிகளே கேட்டார். அதற்காகச் சொல்கிறேன். நண்பர் மகனுக்கு ஏழு வீட்டிலும் அப்படி ஒருவர் இல்லை.

அப்படியானால் இந்தக் கரையில் எப்போதும் ஒற்றுமைதான் இருந்ததா?

இல்லை. அப்படிச் சொன்னால் பொய். ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி சீதக்காதியோடு அவ்வளவு நெருக்கமாக இருந்தவர் என்பார்கள். சேதுபதிகள் ஏர்வாடி தர்காவுக்கு நிலம் விட்டவர்கள். அதே கிழவன் சேதுபதி ஆட்சியில்தான் 1693-ல் போர்த்துக்கீசியப் பாதிரியார் அருளானந்தர் ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். இன்றைக்கு அந்த ஓரியூர்ச் செம்மண்ணை எல்லா மதத்தினரும் எடுத்து நெற்றியில் பூசிக்கொள்கிறார்கள்.

வேற்றுமையில் ஒற்றுமை என்று பேசும்போது சாதியை மறைத்துவிடுகிறோமே?

ஆமாம், மறைத்துவிடுகிறோம். மதங்களுக்கு இடையில் உள்ள நட்பைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிற அதே வாய், ஊருக்குள் சாதி என்று வந்தால் மூடிக்கொள்கிறது. இந்த மாவட்டத்துக்காரன் என்ற முறையில் இதைச் சொல்லாமல் போனால் மேலே எழுதியதற்கு மதிப்பில்லை. 1957-ல் முதுகுளத்தூர்க் கலவரம் நடந்தது இங்கேதான். அந்த ஆண்டு செப்டம்பர் 11-ல், ஒடுக்கப்பட்ட மக்களுக்காகப் போராடிய இமானுவேல் சேகரன் பரமக்குடியில் கொல்லப்பட்டார். முன்னாள் ராணுவ வீரர் அவர். நாட்டுக்காகச் சீருடை போட்ட ஒருவர், சொந்த ஊரில் சமமாக நிற்கக் கேட்டதற்காக உயிரை விட்டார்.

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசும்போது, சாதிகள் தேசத்துக்கு எதிரானவை என்று நேராகவே சொன்னார். ஆயிரக்கணக்கான சாதிகளாகப் பிரிந்து கிடக்கிறவர்கள் எப்படி ஒரு தேசமாக முடியும் என்று கேட்டார். தேசவிரோதம் என்ற சொல்லை இன்று எதற்கெல்லாமோ பயன்படுத்துகிறார்கள். தனிக் குவளைக்கும் தனிச் சுடுகாட்டுக்கும் யாரும் அதைப் பயன்படுத்திக் கேட்டதில்லை.

தேசிய கீதம் பாடாவிட்டால் தேசவிரோதியா?

கேரளாவில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் கீதம் ஒலிக்கும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள். ஆனால் தங்கள் நம்பிக்கைப்படி பாடவில்லை. பள்ளியை விட்டு அனுப்பினார்கள். 1986-ல் உச்சநீதிமன்றம் அந்தப் பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. எழுந்து நிற்பதே மரியாதை, பாடித்தான் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்றது. கீதத்தை நான் விரும்பிப் பாடுகிறவன். "திராவிட" என்ற இடம் வரும்போது பிள்ளைகள் குரல் கொஞ்சம் ஏறும், அது எனக்குப் பிடிக்கும். அடுத்தவன் உதட்டைப் பார்த்துக்கொண்டு பாடுவது எனக்குப் பிடிக்காது.

மீனவர்களுக்கு எல்லை என்றால் என்ன?

வடகடலில், அதாவது பாக் நீரிணையில், 1974-ல் இரண்டு அரசுகளும் கோடு போட்டன. கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது. கோடு வரைபடத்தில் இருக்கிறது, ஜி.பி.எஸ். கருவியில் இருக்கிறது, தண்ணீரில் இல்லை. கைதாகிறவர்களும் அவர்களுக்காகக் கரையில் காத்திருக்கும் பெண்களும் தாங்கள் இந்தியர்கள் என்பதை வேறு யாரையும் விட அதிகமாக உணர்கிறார்கள். அது ஏக்கத்தில் வருகிற உணர்வு. எங்கள் நாடு எங்களுக்காக வருமா என்ற ஏக்கம். இதில் இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. நம் விசைப்படகு கடலின் அடிமடியை அரித்துக்கொண்டு போகும்போது வலை அறுந்து நிற்கிறவரும் யாழ்ப்பாணத்துத் தமிழ் மீனவர்தான். ஒரே மொழி பேசுவதால் மட்டும் நியாயம் வந்துவிடாது.

வருடத்துக்கு ஒருமுறை கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா. நம் பக்தர்கள் பாஸ்போர்ட்டோ விசாவோ இல்லாமல் வந்து போகலாம் என்று 1974 ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. இங்கிருந்து போகிறவரும் அங்கிருந்து வருகிறவரும் கோயில் முன்னால் பனைமர நிழல் மாதிரிக் கிடைத்த இடத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை, உறவுக்கதை பேசுவார்கள். ஒரு வருடம் போனபோது என் பக்கத்தில் இருந்த பாம்பன் பெரியவர், நெடுந்தீவுக்காரர் ஒருவரிடம் அரைமணி நேரம் உறவு முறை தேடி, கடைசியில் "அப்ப நீங்க எனக்கு மச்சான் முறை" என்று கண்டுபிடித்தார். அன்றைக்கே சாயங்காலம் இரண்டு பேரும் அவரவர் நாட்டுப் படகில் ஏறினார்கள்.

வடமாநிலத் தொழிலாளர்கள் வந்து நம் அடையாளம் போய்விடாதா?

நம் ஆட்கள் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போகவில்லையா? சிங்கப்பூரில் தமிழ் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. பிழைக்கப் போன நம் ஆட்களுக்கு அங்கே கிடைத்த அந்த மரியாதையை, இங்கே கல் சுமக்கிற பீகார்ப் பையனுக்கும் கொடுப்போம். 2023-ல் அவர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது எத்தனை பேர் பயந்து ரயில் ஏறினார்கள் என்று பார்த்தோம். அவர்களும் தூங்க வேண்டும்.

அந்தப் பையன் கடைசியில் என்ன எழுதினான்?

இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் கேட்பார்கள். அவன் 1991-ல் மண்டபத்தில் பிறந்தவன். பெற்றோர் 1990-ல் மன்னாரிலிருந்து வந்தவர்கள். சட்டப்படி அவனுக்கு "இந்தியன்" கிடையாது. "உனக்குத் தெரிந்ததை எழுதுப்பா" என்றுதான் அன்றைக்கு என்னால் சொல்ல முடிந்தது. ரொம்ப நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்புறம் "இலங்கை" என்று எழுதி, பக்கத்தில் சின்ன எழுத்தில் "(ஊர் மண்டபம்)" என்று சேர்த்தான்.

அலுவலகத்தில் இருந்தவர் அடைப்புக்குறியெல்லாம் கூடாது, அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள் என்றார். நான் அடிக்கவில்லை. படிவம் அப்படியே போனது. இப்போது அவன் பெயிண்டிங் காண்ட்ராக்ட் எடுக்கிறான், முகாமில்தான் இருக்கிறான். போன ஜூனில் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போனான். அதே கட்டம் இருந்தது. பேனாவை என்னிடம் நீட்டினான்.